படுக்கையில் இருப்பவரின் நம்பிக்கையும் நாட்டின் சட்டமும்

உச்சிப்புளியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று சமயத்தார் சாவை எதிர்கொள்ளும் விதத்தைப் பார்த்துவிடலாம். இந்து வீட்டில் இழுத்துக்கொண்டு கிடக்கும் பெரியவருக்கு உறவுமுறைப்படி ஒவ்வொருவராகப் பால் ஊற்றுவார்கள். உயிர் ஊசலாடினால் ‘மண்ணாசை விடமாட்டேங்குது’ என்று சொந்த நிலத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு நாக்கில் விடுவார்கள். முஸ்லிம் வீட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதுவார்கள். ஹஜ்ஜுக்குப் போனவர் கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரால் உதட்டை நனைப்பார்கள். தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்க வீட்டில் சாமியாரை அழைத்து நோயில்பூசுதல் கொடுப்பார்கள். உயிர் நாம் கொடுத்ததல்ல, அது போகும் நேரமும் நம் கையில் இல்லை என்பதில் மூன்று வீட்டாரும் ஒத்துப்போவார்கள்.

இன்று அந்தப் பெரியவர் பல நேரம் வீட்டுக் கட்டிலில் இருப்பதில்லை. ராமநாதபுரத்திலோ, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதுரையிலோ ஐசியூவில் இருக்கிறார். மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் ஒரு குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். வாசலில் நடக்கும் பேச்சு எந்தக் குடும்பமானாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“இனி முன்னேற்றம் இருக்காதுங்க. மெஷினை எடுத்தா நிக்காது. நீங்கதான் முடிவு சொல்லணும்” என்கிறார் டாக்டர்.

“எங்கப்பா உசுர நாங்களே எடுக்கச் சொல்றீகளா சார்?” என்கிறாள் மகள்.

“அக்கா, நாளைக்கும் பணம் கட்டச் சொல்றாக” என்று தம்பி மெதுவாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான்.

“மேல இருக்கவன் போட்ட கணக்கு முடியுறதுக்கு முன்னாடி யாரும் கை வைக்கக் கூடாதுப்பா” என்கிறார் ஊரிலிருந்து வந்த பெரியப்பா.

மருத்துவம், பாசம், பணம், சமயம் நான்கும் அந்தப் பேச்சில் இருக்கின்றன. இவற்றில் சமயம் சொல்வதை நாட்டின் சட்டம் எவ்வளவு தூரம் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகக் கிடப்பவரின் நம்பிக்கைக்கு அவர் படுக்கையருகே முழு மரியாதை கிடைக்க வேண்டும். ஒருவருடைய நம்பிக்கை இன்னொருவர் படுக்கைக்குச் சட்டமாகப் போய்ச் சேரக் கூடாது. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நான்கு வேறு வேறு செயல்கள்

‘கருணைக்கொலை’ என்ற ஒரே பெயரின் கீழ் நாம் பேசுவது உண்மையில் நான்கு செயல்கள்.

முதலாவது, குணமாகாத நோயாளி கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவர் ஊசி போட்டு உயிரைப் போக்குவது. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. இந்தியாவில் இது குற்றம்.

இரண்டாவது, மருத்துவர் மருந்தை எழுதிக்கொடுக்க நோயாளியே தன் கையால் எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் இது தற்கொலைக்குத் துணைபோன குற்றமாகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவில் வரும்.

மூன்றாவது, பலனில்லை என்று தெரிந்த பிறகு வென்டிலேட்டர் போன்ற சிகிச்சையை நிறுத்துவது, அல்லது தொடங்காமலே இருப்பது. நோய் தன் போக்கில் முடிவைக் கொண்டுவரும். இந்தியாவில் 2018 முதல் தெளிவான விதிகளோடு இதற்கு அனுமதி இருக்கிறது.

நான்காவது, வலியைக் குறைக்க மார்ஃபின் போன்ற மருந்து கொடுப்பது. இதன் நோக்கம் வலியை நீக்குவது மட்டுமே. இதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, எந்தப் பெரிய சமயமும் தடுக்கவில்லை.

ஐசியூ வாசலில் அந்த மகள் கலங்கியது மூன்றாவதை முதலாவது என்று நினைத்ததால். இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே பல குடும்பங்களின் மனச்சுமை இறங்கும்.

சமயம் சட்டமாகி இருந்த காலம்

சமயம் இந்தக் கொள்கையைத் தீர்மானிக்கலாமா என்று கேட்கிறோம். ஒரு காலத்தில் தீர்மானித்தே இருந்தது. அதுவும் நம் மண்ணின் சமயம் அல்ல.

1860-ல் ஆங்கிலேயர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்றது. இங்கிலாந்தில் தற்கொலை கொடுங்குற்றமாகக் கருதப்பட்டதற்குப் பின்னால் இருந்தது கிறிஸ்தவ திருச்சபையின் போதனை. அங்கே 1961-லேயே அந்தக் குற்றத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இங்கே 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் முதலில் அதன் பல்லைப் பிடுங்கியது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்றது அச்சட்டம். 2024 ஜூலை 1-ல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது 309 மறைந்தது. விஷம் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்த எத்தனையோ ஏழைகள் வைத்தியத்தோடு போலீஸ் வழக்கையும் சேர்த்துச் சுமந்தார்கள். ஒரு சமயத்தின் பாவக் கணக்கு குற்றக் கணக்காக மாறினால் யார் தலையில் விழும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல வழி தேடின. 1994-ல் பி. ரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 309 செல்லாது என்றது. 1996-ல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றார்கள். ஆனால் இயற்கையாக முடியப்போகும் உயிர் கண்ணியத்தோடு முடிவது வாழும் உரிமையின் பகுதி என்றும் சேர்த்தே சொன்னார்கள். பின்னால் வந்த தீர்ப்புகள் எல்லாம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தன.

அடுத்து அருணா ஷான்பாக். மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர். 1973 நவம்பரில் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பணியாளரின் கொடூரத் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, 42 ஆண்டுகள் நினைவு திரும்பாமல் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி வழக்குத் தொடுத்தார். ‘அவர் எங்கள் பிள்ளை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று நின்றவர்கள் அதே மருத்துவமனையின் செவிலியர்கள். 2011 மார்ச் 7-ல் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான சுதா மிஸ்ரா அமர்வு விரானியின் மனுவை ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், உயர் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்ற வாசலையும் திறந்தது. அருணா 2015 மே 18-ல் நிமோனியாவால் இறந்தார்.

2018 மார்ச் 9-ல் ‘காமன் காஸ்’ என்ற அமைப்பின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருவர் தன் கடைசிக் காலச் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த மருத்துவ உயிலுக்கு வைத்த விதிகள் மிகக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரி 24-ல் உச்ச நீதிமன்றம் அவற்றை எளிமையாக்கியது. எழுதும் முறையைப் பின்னால் சொல்கிறேன்.

சமயங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை

‘சமயம் எதிர்க்கிறது, அறிவியல் ஆதரிக்கிறது’ என்று எளிதாகப் பிரித்துவிடுகிறோம். விஷயம் அப்படி இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை உயிரைப் போக்கும் ஊசியை உறுதியாக எதிர்க்கிறது. ஆனால் 1957-லேயே திருத்தந்தை 12-ஆம் பயஸ் மருத்துவர்களிடம் பேசும்போது, வழக்கத்துக்கு மீறிய சிகிச்சைகளைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கடமை நோயாளிக்கு இல்லை என்றார். வலி நீக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் வலியைப் போக்கும் நோக்கத்தோடு அதைக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். 1980-ல் வாட்டிகன் வெளியிட்ட அறிக்கை இதையே உறுதி செய்தது.

இஸ்லாத்தில் உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், தற்கொலை ஹராம். ஆனாலும் இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) சபை 1986-ல் அம்மானில் கூடியபோது, மூளை முழுவதுமாக, மீளவே முடியாதபடி செயலிழந்துவிட்டது என்று நிபுணர்கள் உறுதிசெய்தால், கருவியின் தயவில் இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவியை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தது.

இந்து சமயத்தில் கர்மவினையை அனுபவித்தே தீர்க்க வேண்டும் என்பவர்களும் உண்டு. வாழ்வின் கடமைகளை முடித்தவர் உணவை விட்டு உயிர்விடும் பிராயோபவேசத்தை உயர்ந்ததாகப் போற்றுபவர்களும் உண்டு. 1982 நவம்பரில் மாரடைப்பு வந்த வினோபா பாவே மருந்தையும் உணவையும் மறுத்து, பவுனார் ஆசிரமத்தில் 15-ஆம் தேதி உயிர்விட்டார். அடுத்த ஆண்டே அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது அரசு. அந்த நேரத்தில் 309 சட்டப் புத்தகத்தில் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். மகானுக்கு விருதும், விஷம் குடித்துப் பிழைத்த விவசாயிக்கு வழக்கும் ஒரே அரசிடமிருந்து வந்தன.

தமிழ்நாட்டில் இந்த மரபு மிகப் பழையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதும், அவனை நேரில் கண்டிராத நண்பர் பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்ததும் புறநானூற்றின் வழி நமக்குத் தெரியும். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்ற பாறைக்குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பக்கத்துப் பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன.

ஆக, சமயத்தின்படி சட்டம் செய்வோம் என்று யாராவது சொன்னால், எந்தச் சமயம், அதற்குள் எந்த மரபு என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

சந்தாரா வழக்கு

இந்தக் கேள்வி நீதிமன்றத்தில் தலைகீழாகவும் வந்தது. சமணர்கள் சல்லேகனை அல்லது சந்தாரா என்று அழைக்கும் உண்ணாநோன்பைத் தற்கொலை என்று அறிவிக்கக் கோரி 2006-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் நிகில் சோனி என்ற வழக்கறிஞர் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2015 ஆகஸ்ட் 10-ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சந்தாரா சமண சமயத்தின் இன்றியமையாத பகுதி என்பது நிறுவப்படவில்லை, ஆகவே அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் சமய சுதந்திரம் அதற்குக் கிடைக்காது, அதைக் குற்றமாகவே நடத்த வேண்டும் என்றது. நாடெங்கும் சமணர்கள் மௌன ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

இந்த வழக்கில் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. முழு அறிவோடு, பல காலம் யோசித்து, குரு அனுமதியோடு, படிப்படியாக உணவைக் குறைக்கும் துறவியின் வாயை ஒரு போலீஸ்காரர் வந்து திறந்து ஊட்ட முடியுமா? முடியாது, கூடாது. ஆனால் கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்த ஒரு மூதாட்டி, ‘சந்தாரா எடுத்தால் வீட்டுக்கே பெருமை’ என்று சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கேட்டுத் தலையாட்டினால்? முதலாமவரிடமிருந்து அரசு விலகி நிற்க வேண்டும். இரண்டாமவரிடம் போய், ‘அம்மா, இது உங்கள் விருப்பம்தானா?’ என்று தனியே கேட்க வேண்டும். அரசின் கவனம் அந்தச் சம்மதத்தில்தான் இருக்க வேண்டுமே தவிர, நோன்பு சமயத்தின் இன்றியமையாத பகுதியா என்று சாஸ்திரம் பிரிப்பதில் இல்லை.

ஏர்வாடி சொல்லித்தந்த பாடம்

நம்பிக்கையும் அரசும் எந்த இடத்தில் எல்லை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நம் ராமநாதபுரம் மாவட்டம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளிகளை எல்லாச் சமயத்தாரும் நெடுங்காலமாக அழைத்து வருகிறார்கள். தர்காவில் தங்கித் துவா செய்தால் குணமாகும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது.

அதன் பிறகு தர்காவுக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை, நிறுத்தவும் யாரும் முயலவில்லை. மருந்தும் துவாவும் சேர்ந்தே நடக்கட்டும் என்று தர்காவை ஒட்டியே மனநல மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஓதிய தண்ணீர் வாங்கிக்கொண்டு, மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சட்டம் சங்கிலியை அகற்றியது. பிரார்த்தனை அப்படியே இருக்கிறது. சாகும் நேரத்துக்கான கொள்கைக்கும் நான் இதையே அளவுகோலாக வைக்கிறேன்.

தலைக்கூத்தல் தரும் எச்சரிக்கை

‘வயதானவர் கஷ்டப்படக் கூடாது’ என்ற கருணைப் பேச்சு நம் தென் மாவட்டங்களில் இன்னொரு வடிவத்திலும் இருக்கிறது. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாவுக்கு ‘அனுப்பிவைக்கும்’ தலைக்கூத்தல். விருதுநகர் பக்கம் அதிகம் பேசப்பட்டது. 2010-ல் அந்த மாவட்டத்தில் ஒரு முதியவர் தனக்கு இப்படி நடக்கப்போகிறது என்று காதில் விழுந்ததும் வீட்டைவிட்டு ஓடி உறவினர் வீட்டில் தஞ்சம் புகுந்தார். செய்தி வெளிவந்த பிறகுதான் வெளியுலகம் திடுக்கிட்டது. ‘பாரம்’, ‘கே.டி. (எ) கருப்புதுரை’, ‘தலைக்கூத்தல்’ என்று அடுத்தடுத்து திரைப்படங்கள் இதைப் பேசின. ‘பாரம்’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

இதை எந்தச் சமயநூலும் கட்டளையிடவில்லை. ஆனால் ஊர் வழக்கம் என்ற பெயரில் சமயத்துக்கு ஈடான அதிகாரத்தோடு நடக்கிறது. உறவெல்லாம் கூடி, கடைசியாகப் பார்த்து, அழுது, சடங்கு போலவே நடத்துகிறார்கள். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: படுக்கையில் இருப்பவர் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அது கொலை. வழக்கம், மரபு, கருணை எதுவும் அதைக் காப்பாற்றாது.

மருத்துவர் ஊசி போட்டு உயிரைப் போக்கும் சட்டம் இந்தியாவில் இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மருத்துவச் செலவுக்கு நிலத்தை விற்கும் குடும்பத்தில், மருமகளின் முகம் சுண்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடக்கும் ஒரு கிழவி ‘என்னைப் போகவிடுங்க’ என்று சொன்னால், அது அவளுடைய விருப்பமா, வீட்டின் நெருக்கடியா என்று எந்த மருத்துவக் குழு பிரித்துச் சொல்லும்? ஒரேகானிலேயே இந்த மருந்தைக் கேட்பவர்களில் கணிசமானோர், குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோம் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள் என்று ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளும் நம் ஊரில் அந்தக் காரணம் எவ்வளவு கனமாக இருக்கும்? என் எதிர்ப்பில் சமயம் இல்லை. சமயமே இல்லாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணம் இது.

நம்பிக்கை உள்ளவர் பேசலாமா?

பேசலாம், பேச வேண்டும். பிரிட்டனில் நடந்த விவாதம் இதற்கு நல்ல உதாரணம். ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள் என்று மருத்துவர்கள் கணித்த நோயாளிகளுக்கு மருத்துவ உதவியோடு சாக அனுமதி தரும் மசோதாவை நாடாளுமன்ற உறுப்பினர் கிம் லெட்பீட்டர் கொண்டுவந்தார். 2024 நவம்பர் 29-ல் 330-க்கு 275 என்ற வாக்கில் முதல் தடையைத் தாண்டியது. 2025 ஜூன் 20-ல் 314-க்கு 291 என்று மக்களவை அதை நிறைவேற்றிப் பிரபுக்கள் அவைக்கு அனுப்பியது. அந்த அவையில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் பேராயர்கள், ஆயர்கள் 26 பேருக்குப் பதவி வழியாகவே இடம் உண்டு. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காமல், சமயப் பொறுப்பு ஒன்றினாலேயே சட்டம் செய்யும் அவையில் உட்காருவது சரியல்ல. நம் அரசியல் சட்டம் எந்தச் சமயத்துக்கும் அப்படி ஓர் ஆசனம் வைக்கவில்லை; அது நல்லது.

அதே விவாதத்தில் அன்றைய நீதித்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் மசோதாவை எதிர்த்துத் தன் தொகுதி மக்களுக்குக் கடிதம் எழுதினார். தான் முஸ்லிம் என்பதை அவர் மறைக்கவில்லை. சாகும் உரிமை நாளடைவில் சாகும் கடமையாகிவிடும் என்ற அச்சத்தையும் சொன்னார். அவர் தன் சமய நம்பிக்கையை எல்லோர் மீதும் சுமத்துகிறார் என்று அவருடைய கட்சியைச் சேர்ந்த ஃபால்கனர் பிரபு குற்றம் சாட்டினார். எனக்கு இந்தக் குற்றச்சாட்டில் உடன்பாடு இல்லை. பலவீனமானவர்களை நினைத்து அவர் சொன்ன அச்சம் எந்தச் சமயத்தாருக்கும், நாத்திகருக்கும் புரியக்கூடியது. அதைப் பதில் சொல்லி வெல்ல வேண்டுமே தவிர, சொன்னவர் தொழுகிறவர் என்று தள்ளக் கூடாது.

என் முடிவு இப்படி வருகிறது. ஒருவர் தன் சிகிச்சையைப் பற்றி எடுக்கும் முடிவில் சமயத்துக்கு முழு இடம். பொது விவாதத்தில், மற்றவர்களைப் போலவே சமயத்தாருக்கும் ஒரு குரல். அந்தக் குரல் எல்லோரும் எடைபோடக்கூடிய காரணத்தோடு வர வேண்டும். சட்டத்தின் அடிப்படையாக மட்டும் எந்தச் சமயமும் இருக்கக் கூடாது. ‘எங்கள் வேதம் தடுக்கிறது, ஆகவே நீயும் வென்டிலேட்டரில் கிட’ என்பதும் தவறு; ‘எங்கள் மரபு போற்றுகிறது, ஆகவே நீயும் சோற்றை விடு’ என்பதும் தவறு. கடைசி மூச்சு வரை எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்று நம்பிக்கையின் பேரில் கேட்பவரை, பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கும் மருத்துவரும் தவறு செய்கிறார்.

நீங்கள் செய்யக்கூடியது

பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் மருத்துவ உயில் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், அல்லது கட்டாயம் வேண்டும் என்று உங்கள் மொழியிலேயே தெளிவாக எழுதுங்கள். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரை எழுதுங்கள். ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெறுங்கள். முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது, இப்போது வேண்டியதில்லை. ஒரு நகல் குறிப்பிட்ட உறவினரிடம், ஒன்று குடும்ப மருத்துவரிடம், ஒன்று ஊராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பு அதிகாரியிடம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

உங்கள் நம்பிக்கையையும் அதில் எழுதுங்கள். யாசீன் ஓத ஆள் வர வேண்டும், சாமியார் வர வேண்டும், ராமேசுவரம் தீர்த்தம் நாக்கில் பட வேண்டும், சொந்த வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்றெல்லாம் விரும்பினால் தயங்காமல் எழுதலாம்.

அந்த நேரம் வரும்போது குடும்பத்தார் மட்டும் முடிவெடுப்பதில்லை. சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும் வேறு இரண்டு நிபுணர்களும் அடங்கிய இரண்டாவது குழு பார்க்கும். இரண்டு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பின்னர் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டுத்தான் கருவியை எடுப்பார்கள். உயில் எழுதாதவருக்கும், குடும்பத்தின் சம்மதத்தோடு இதே வழிதான். ஆகவே அந்த மகள் அப்பாவின் உயிரை எடுக்கவில்லை. அவள் சம்மதத்தைக் கேட்கிறார்கள். உயிரை எடுக்கும் பொறுப்பை யாரும் அவள் மீது வைக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முந்தையது வலி நீக்கம். வலியில் துடிப்பவர் ‘சாகவிடுங்க’ என்று கேட்பதை விருப்பம் என்று எண்ணிவிட முடியாது. மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்க 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2008-லேயே நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்து, ஊர்தோறும் தன்னார்வலர்களைச் சேர்த்து வீட்டுக்கே போய்ப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து தரும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது வலியோடு கிடந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி இந்தச் சேவையைக் கேளுங்கள். தரவில்லை என்றால் மீண்டும் கேளுங்கள். நோயாளிக்கோ, பார்த்துக்கொள்பவருக்கோ வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கோயில் கமிட்டி, ஜமாஅத், பங்குப் பேரவை மூன்றுக்கும் ஒரு வேண்டுகோள். சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானம் போடுவதற்கு முன்னால், உங்கள் தெருவில் படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். புண்ணைக் கழுவ, இரவில் மாறி மாறி விழித்திருக்க, மருந்து வாங்கி வர ஆள் அனுப்புங்கள். உயிர் புனிதமானது என்று நம்புகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அது.